"மாட்டேன்" சொல்லத் தொடங்கிய பிள்ளைக்கு இரண்டாவது பிறந்தநாள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது முடிகிறது. முதல் பிறந்தநாளை மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டிச் செய்தீர்கள். பாப்பா தொடக்கத்திலிருந்து பந்தி முடியும் வரை அழுதாள். இந்த வருஷமும் அப்படியே செய்யணும் என்று மாமியார் வீட்டில் பேச்சு. இதற்கு நடுவே பிள்ளை எதைக் கேட்டாலும் "மாட்டேன்", "வேணாம்", "நானே" என்கிறாள். புது ஆட்களிடம் போவதில்லை. அதே வயசு நாத்தனார் பையன் யார் கூப்பிட்டாலும் இடுப்பில் ஏறிக்கொள்கிறான். உங்கள் மகளுக்கு "அழுமூஞ்சி", "பிடிவாதக்காரி" என்று பட்டம் கட்டியாகிவிட்டது. இது அவள் குணமா, குறையா, கொண்டாட்டத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள்.

திருநெல்வேலிப் பக்கம் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். தடுப்பூசிக்கு வருகிற அம்மாக்கள் ஊசி போட்டு முடித்து, செருப்பு மாட்டும்போது கேட்கிற கேள்வி இது. அதனால் தயங்காமல் சொல்கிறேன்: மண்டபம் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு ஒரு சுபாவம் வெளியே தெரிய ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். விழாவுக்கு ஏற்ற பிள்ளையாக அவளை மாற்றப் பார்ப்பதைவிட, அவளுக்கு ஏற்ற மாதிரி விழாவை அமைப்பது லேசான வேலை. செலவும் குறைச்சல்.

போன வருஷம் அழுத அழுகையும் இந்த வருஷம் வரக்கூடிய அழுகையும் வேறு வேறு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வயதில் அழுதது பெரும்பாலும் மைக் சத்தத்துக்கு, கெட்டுப்போன தூக்கத்துக்கு, முகம் தெரியாத கைகள் மாறி மாறித் தூக்கியதற்கு. எட்டாவது மாதம் வாக்கில் புது முகத்தைக் கண்டு மிரளும் பழக்கம் தொடங்கும். முதல் பிறந்தநாள் சமயத்தில் அது நன்றாக முற்றியிருக்கும். மண்டபத்தில் வைக்கப்படும் முதல் பிறந்தநாள் படங்களில் பலவற்றில் பிள்ளை அழுத முகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு வயதில் புதிதாக ஒன்று சேர்ந்துகொள்கிறது. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். 1972-ல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்புச் சாயம் தொட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் விடுவது. ஒரு வயசுப் பிள்ளை கண்ணாடியில் இருப்பது இன்னொரு பாப்பா என்று நினைத்துச் சிரிக்கும், பின்னால் எட்டிப் பார்த்துத் தேடும். 18 மாதத்துக்கும் 24 மாதத்துக்கும் இடையில் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தன் மூக்கைத் தொட ஆரம்பிக்கின்றன. நம் வீடுகளில் சாயம் தேடவே வேண்டாம். கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டை அவள் கவனிக்காத நேரம் பார்த்து மூக்கு நுனியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டுங்கள். கை எங்கே போகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தன்னைக் கண்ணாடியில் அடையாளம் காண்கிற பிள்ளைக்குத்தான் வெட்கமும் வருகிறது. மைக்கேல் லூயிஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் பிள்ளைகளை வெட்கப்படுத்தக் கையாண்ட வழிகளைப் பாருங்கள்: ஓயாமல் புகழ்வது, கண்ணாடியைக் காட்டுவது, "எங்கே, ஒரு டான்ஸ் ஆடு பார்ப்போம்" என்று கேட்பது. கண்ணாடியில் தன்னைத் தெரிந்துகொண்ட பிள்ளைகளே அதிகம் நெளிந்தன. நம் வீட்டு விசேஷங்களில் சித்தப்பாக்களும் அத்தைமார்களும் செய்வது அட்சரம் பிசகாமல் இதே மூன்றும்தான். ஆய்வகத்தில் ஒரு பிள்ளையை நெளிய வைக்க என்ன செய்தார்களோ அதை நாம் இருநூறு பேர் முன்னால் செய்துவிட்டு, "ஏன் இவ இப்படி முந்தானைக்குள்ள ஒளியுறா?" என்று கேட்கிறோம்.

அடுத்து அந்த "நானே". என் அறை வாசலில் ஒருநாள் பார்த்தது. இரண்டு வயசுக்காரி ஒருத்தி தரையில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இடது செருப்பு வலது காலில். வார் குதிகாலுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. நாக்கு ஓரமாக வெளியே வந்திருக்கிறது, மூச்சு சத்தமாக விடுகிறாள். பின்னால் ஆள் நிற்பதைப் பார்த்து அம்மா குனிந்து வாரை இழுத்துவிட்டுச் சரிசெய்தார். பிள்ளை அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். பிறகு தவழ்ந்து போய் அதையே எடுத்து வந்து, முதலிலிருந்து, மறுபடியும் தப்பான காலில் மாட்ட ஆரம்பித்தாள். அவளுக்கு வேண்டியது செருப்பு காலில் இருப்பது இல்லை, தான் போட்டுக்கொள்வது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுப் படிகளாகப் பிரித்தபோது, ஏறக்குறைய ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை தன் காலில் நிற்கும் ஆசைக்கும் கூச்சத்துக்கும் நடக்கிற இழுபறி என்று இரண்டாம் படியை வகுத்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த ஒரு படியைப் பொறுத்தவரை எந்த அம்மாவும் மறுத்துப் பேச மாட்டார்.

"மாட்டேன்" இன்னும் சுவாரஸ்யமானது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பெட்டி ரெப்பகோலியும் அலிசன் கோப்னிக்கும் 1997-ல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் மீன் வடிவ உப்பு பிஸ்கட், இன்னொன்றில் பச்சை ப்ரோக்கோலி. சோதனை நடத்துகிறவர் பிஸ்கட்டைத் தின்று முகம் சுளிக்கிறார், ப்ரோக்கோலியைத் தின்று "ஆகா" என்கிறார். பிறகு கையை நீட்டி, "எனக்குக் கொஞ்சம் தா" என்று கேட்கிறார். 14 மாதப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதப் பிள்ளைகள் ப்ரோக்கோலியைக் கொடுத்தன. தனக்குப் பிடித்தது வேறு, எதிரில் இருப்பவருக்குப் பிடித்தது வேறு என்பது அந்த நான்கு மாத இடைவெளியில் புரிந்துவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிள்ளை சும்மா இருக்குமா? அம்மாவின் ஆசைக்கும் தன் ஆசைக்கும் நடுவில் எங்கே கோடு இருக்கிறது என்று நாள் முழுக்கத் தட்டிப் பார்க்கும். சோறு வேண்டுமா என்றால் வேணாம், எடுத்துக்கொண்டு போனால் அழுகை. எடுத்துக்கொண்டு போவாயா மாட்டாயா என்பதுதான் அங்கே கேள்வி.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. செய்தே ஆக வேண்டிய காரியத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "குளிக்கலாமா?" என்றால் "மாட்டேன்" என்றுதான் வரும், அந்தக் கேள்விக்கு அது நியாயமான பதிலும்கூட. "குளிக்கப் போறோம். வாத்து பொம்மை எடுத்துக்கிறியா, சொம்பு எடுத்துக்கிறியா?" என்று கேட்டுப் பாருங்கள். தேர்வு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்று ஆனால் குழப்பம். தரையில் புரண்டு அழும் அழுகை இந்த வயதில் சகஜம், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கும். அந்த நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. பக்கத்தில் உட்காருங்கள், அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சு சீரானதும் தண்ணீர் கொடுங்கள். கேட்டதை அழுகைக்காகக் கொடுத்தால் மட்டும் அடுத்த முறை அழுகை நீளும்.

இப்போது நாத்தனார் பையன் விவகாரம். 1956-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடரத் தொடங்கினார்கள். துறுதுறுப்பு, பசி தூக்கத்தின் ஒழுங்கு, புதியதைக் கண்டால் நெருங்குவதா பின்வாங்குவதா, சத்தமும் வெளிச்சமும் எவ்வளவு உறுத்துகிறது என்று ஒன்பது கோணங்களில் பார்த்தார்கள். சுமார் 40 சதவீதம் எளிதில் ஒத்துப்போகிற பிள்ளைகள். சுமார் 10 சதவீதம் எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டுகிறவை. 15 சதவீதம் மெதுவாகச் சூடேறுகிறவை: முதலில் ஒதுங்கி நிற்கும், வற்புறுத்தாமல் விட்டால் தானே வரும். மீதி 35 சதவீதம் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத கலவை. உங்கள் மகள் மூன்றாவது வகை போலத் தெரிகிறது, நாத்தனார் பையன் முதல் வகை. இரண்டும் பிறவியிலேயே ஓரளவு வருவது. நீங்கள் வளர்த்ததில் கோளாறும் இல்லை, உங்கள் நாத்தனார் வளர்த்ததில் மகிமையும் இல்லை. (இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

அந்தத் தம்பதி கடைசியில் வலியுறுத்தியது சுபாவத்தைவிடப் பொருத்தத்தை. பிள்ளையின் சுபாவமும் சுற்றி இருப்பவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்தினால் எந்த வகைப் பிள்ளையும் நன்றாக வரும். மெதுவாகச் சூடேறுகிற பிள்ளையை "போடி, போய் தாத்தாகிட்ட முத்தம் குடு" என்று தள்ளிவிட்டால் அது இன்னும் ஒட்டிக்கொள்ளும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதுப் பொருட்கள், சத்தங்கள், வாசனைகள் காட்டி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுவதைக் கண்டார். அவற்றில் பல பிற்பாடு கூச்ச சுபாவிகளாக இருந்தன. ஆனால் அத்தனையும் அப்படியே நிலைத்துவிடவில்லை; கொஞ்சமே கடைசிவரை அதே அளவு ஒதுங்கின. இரண்டு வயதில் கட்டிய "அழுமூஞ்சி" பட்டத்தைப் பத்து வயதில் அவள் தானே எடுத்து மாட்டிக்கொள்ளும் அபாயம்தான் பெரியது. யாராவது அவள் எதிரில் சொன்னால், சண்டைக்குப் போகாமல், "அவளுக்குக் கொஞ்ச நேரம் வேணும் சித்தி, பிறகு பாருங்க, உங்களை விடவே மாட்டா" என்று சொல்லிவிடுங்கள். அவள் காதில் அதுவும் விழும்.

இனி பிறந்தநாள்.

யாருக்காகக் கொண்டாடுகிறோம் என்பதில் ஒளிவுமறைவு வேண்டாம். பெரியவர்களைக் கேட்டால் அவர்களுக்கு நினைவிருக்கும் மிகப் பழைய சம்பவம் சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்ததாக இருக்கும். இந்தப் பிறந்தநாள் உங்கள் மகள் நினைவில் நிற்கப்போவதில்லை. இது உங்களுக்காக, பாட்டி தாத்தாக்களுக்காக. அதில் தப்பே கிடையாது. இரண்டு வருஷம் தூக்கம் கெட்டு, ஜுரத்துக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டு, ஒரு உயிரை இந்த அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஒருநாள் சந்தோஷமாக இருக்கக் கூடாதா? அவளுக்கு நினைவில் நிற்காது. ஆனால் அந்த நாள் அவளுக்கு நல்லபடியாகப் போகணும். அது போதும்.

நேரம்தான் பாதி வெற்றி. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை ஒரு நாளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். இரவு ஏழரைக்குக் கேக் வெட்டும் மண்டப விழா இந்தக் கணக்குக்கு நேர் எதிர். அவள் மத்தியானம் தூங்கி எழுந்து, பால் குடித்து, முகம் தெளிந்திருக்கிற நாலரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குள் அவள் பங்கு முடியட்டும். பெரியவர்கள் எட்டு மணி வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போக ஒருவர் தயாராக இருந்தால் போதும்.

இடம், உங்கள் வீடு. அல்லது மொட்டைமாடி, கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால். ஆட்கள், அவளுக்கு முகம் தெரிந்தவர்கள் மட்டும். பிள்ளைகள் மூன்று நான்கு பேர். வருகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை: "வந்ததும் கையை நீட்டித் தூக்காதீங்க. கீழே உட்கார்ந்து அவளோட பொம்மையை எடுத்து நீங்க விளையாடுங்க." இது நான் என் அறையில் தினம் செய்வது. ஸ்டெத்தஸ்கோப்பை முதலில் பொம்மைக் கரடி வயிற்றில் வைத்தால், சில நிமிடத்தில் பிள்ளை தன் சட்டையைத் தானே தூக்கிக் காட்டும். கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு கிட்டே வரும் ஆளைவிட, தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கும் ஆளிடம்தான் இவர்கள் போவார்கள்.

முதல் வீட்டுப் பிள்ளை உள்ளே வரும்போது அவள் வாசலில் உங்கள் இடுப்பில் இருக்கட்டும். ஒவ்வொருவராக வருவதைப் பார்க்கும் பிள்ளை கூட்டத்துக்குப் பழகிக்கொள்ளும். கூட்டம் நிறைந்த பிறகு தூங்கி எழுந்த பிள்ளையைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினால் அலறும்.

விளையாட்டு ஏற்பாடு வேண்டாம். மியூசிக்கல் சேர், பரிசு, தொகுப்பாளர் எதுவும் இந்த வயசுக்கு இல்லை. 1932-ல் மில்ட்ரெட் பார்டன் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது காட்டிய விஷயம் இன்றும் செல்லும்: இந்த வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் தனியாகவோ, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கோ விளையாடுவார்கள். சேர்ந்து விதி வைத்து விளையாடுவது பிறகுதான் வரும். ஒரு அகலமான தாம்பாளத்தில் தண்ணீர், நாலைந்து கிண்ணம், கரண்டி. அல்லது ஒரு குவியல் மணல். அல்லது வாங்கிய பொம்மை வந்த அட்டைப்பெட்டி. அரை மணி நேரம் ஓடிவிடும். தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு பெரியவர் நகராமல் இருக்கணும். ஒரே மாதிரி பொருள் இரண்டு மூன்று வைத்திருங்கள். அவள் உயிராக நினைக்கும் கரடியையோ போர்வையையோ முந்தின நாளே பீரோவில் வைத்துவிடுங்கள். "பகிர்ந்துக்கணும்" என்று இரண்டு வயசுப் பிள்ளைக்கு அதன் பிறந்தநாளிலேயே பாடம் நடத்துவது கொடுமை.

பட்டுப்பாவாடை போடணும் என்றால் போடுங்கள், ஆனால் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை இருக்கட்டும். ஜரிகை குத்துவதைப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, சிணுங்கத்தான் தெரியும். படம் எடுத்து முடித்ததும் மாற்றிவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுத் திடீரென்று எல்லாரும் உரக்கப் பாடுவது, மேசைக்குப் பக்கத்தில் வெடிக்கும் பார்ட்டி பாப்பர், மிக்கி மவுஸ் வேஷம் போட்ட ஆள், இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்குங்கள். பொம்மையாக இருக்கும்போது சிரிக்கிற மிக்கி, ஆறடி உயரத்தில் நடந்து வந்தால் இரண்டு வயசுக்குப் பேய்தான்.

ரப்பர் பலூன் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெடித்த பலூன் துண்டை வாயில் போட்டால் அது தொண்டையில் போய் ஒட்டி மூச்சுக்குழாயை அப்படியே மூடிவிடும். தட்டினாலும் எளிதில் வராது. கட்டினால் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், வெடித்த துண்டை உடனே பொறுக்குங்கள், விழா முடிந்த அன்றிரவே எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் துண்டுதான் ஆபத்து. அதேபோல் நிலக்கடலை, மிக்சரில் வரும் முழு முந்திரி, முழுத் திராட்சை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், கிண்ண ஜெல்லி எதுவும் நாலைந்து வயது ஆகாத பிள்ளைகள் கைக்கு எட்டுகிற தட்டில் வேண்டாம். திராட்சை கொடுத்தால் நெடுக்குவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

சாப்பாட்டில் இன்னொரு விஷயம். "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டா, இப்ப ஒண்ணுமே சாப்பிடறதில்ல" என்று பாட்டி அன்றைக்கு எல்லார் எதிரிலும் சொல்வார். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பெண் குழந்தையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.2 கிலோ, ஒரு வயதில் 8.9, இரண்டு வயதில் 11.5. முதல் வருஷம் ஐந்தரைக் கிலோவுக்கு மேல் ஏறியது, இரண்டாம் வருஷம் இரண்டரைக் கிலோ சொச்சம்தான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையும். தட்டோடு பின்னால் ஓட வேண்டியதில்லை. கேக் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. இனிப்புத் தின்றால் பிள்ளை கட்டுக்கடங்காமல் துள்ளும் என்று நம்புகிறோம். ஆய்வுகளில் அது நிரூபணம் ஆகவில்லை. துள்ளுவது கூட்டத்தால், இருட்டின பிறகும் தூங்காததால்.

நட்சத்திரப் பிறந்தநாளும் தேதிப் பிறந்தநாளும் வேறு வேறு நாளில் வருவது உங்கள் அதிர்ஷ்டம். பிறந்த தமிழ் மாதத்தில் அவள் நட்சத்திரம் வருகிற அன்று காலையில் கோயில், பெயருக்கு அர்ச்சனை, வீட்டில் பாயசம், தாத்தா பாட்டி ஆசீர்வாதம். தேதி அன்று சாயங்காலம் கேக். கூட்டமும் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆனால் மொட்டையோ காதுகுத்தோ பாக்கி இருந்தால் தயவுசெய்து அதையும் பிறந்தநாளோடு சேர்த்து முடித்துவிடப் பார்க்காதீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது வலிக்க அழுத பிள்ளையைச் சாயங்காலம் சிரிக்கச் சொல்வது நியாயமில்லை.

படம் எடுக்க ஒரே ஒருவரை வையுங்கள், அவரும் ஃப்ளாஷ் போடாமல், தூரத்திலிருந்து. பத்துப் பேர் போனை நீட்டி "இங்க பாரு, இங்க பாரு" என்றால் நான் மேலே சொன்ன வெட்கம் அழுகையாக மாறிவிடும். முழுப் பெயரும் பிறந்த தேதியும் தெரிகிற பேனரைப் படமெடுத்து எல்லார் ஸ்டேட்டஸிலும் போடுவதும் தேவையில்லாதது.

படத்தைவிட அவள் பேச்சைச் சேமியுங்கள் என்பேன். இந்த மாதம் அவள் சொல்லும் வார்த்தைகளை, அவள் சொல்லும் விதத்திலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னிடம் வருகிற ஒரு பையன் ஹெலிகாப்டரை "காப்பிட்டர்" என்பான். அடுத்த முறை வந்தபோது சரியாகச் சொன்னான், அவன் அம்மாவுக்குத்தான் ஏமாற்றம். எதற்குச் சிரிக்கிறாள், எதைக் கண்டால் ஓடி ஒளிகிறாள், யார் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், "நானே" என்று எதற்கெல்லாம் சொல்கிறாள் என்று எழுதுங்கள். ஒரு நிமிடம் குரல் பதிவு. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செய்தது ஏறக்குறைய இதுதான். தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடை நடந்து வருவது வருகை, நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி என்று பருவம் பருவமாகப் பிள்ளையைக் கவனித்து வைத்திருக்கிறார்கள். நான் மருத்துவமனையில் நிரப்பும் வளர்ச்சி அட்டவணைக்கும் அதற்கும் நடுவில் பெரிய தூரமில்லை. அவர்களுக்கு எதுகை மோனை வந்தது, எனக்கு டிக் அடிக்க மட்டும் வருகிறது.

அட்டவணை என்றதும், சுபாவம் எது, கவனிக்க வேண்டியது எது என்பதையும் சொல்லிவிடணும். கூச்சப்படுகிற பிள்ளை உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். வந்தவர் முகத்தையும் பார்க்கும், உங்கள் முகத்தையும் பார்க்கும், நீங்கள் பதறுகிறீர்களா என்று சோதிக்கும். வீட்டில் உங்களோடு ஓயாமல் பேசும், நாயைக் காட்டும், நிலாவைக் காட்டும், பெயர் சொன்னால் திரும்பும். இப்படி இருந்தால் கவலை வேண்டாம். "மாட்டேன்" என்று அவள் சொல்வதேகூட நல்ல அறிகுறிதான்.

மாறாக, வீட்டு ஆட்களிடமும் கண் பார்த்துப் பழகாமல் இருந்தால், பெயர் சொன்னால் திரும்பாவிட்டால், எதையும் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், இரண்டு வயது முடிந்தும் "பால் வேணும்", "அப்பா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பேசிய வார்த்தைகள் மறைந்துவிட்டால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். 18, 24 மாதங்களில் ஆட்டிசத்துக்கான கேள்விப் பட்டியலை வைத்துப் பார்ப்பது உலகில் பல இடங்களில் வழக்கம். உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அரசுத் தரப்பில் தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பக்கட்ட இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. செவித்திறன், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். செலவு இல்லை. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நிம்மதி. இருந்தால், இரண்டு வயதில் தொடங்கும் பயிற்சிக்கும் நாலு வயதில் தொடங்கும் பயிற்சிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

தடுப்பூசி அட்டையையும் அந்த வாரம் எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊக்க ஊசி, தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, போலியோ ஊக்க சொட்டு எல்லாம் முடிந்திருக்கணும். வைட்டமின் ஏ திரவம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐந்து வயது வரை. விட்டுப்போயிருந்தால் கொண்டாட்டத்துக்கு முந்தின நாள் போடாதீர்கள், ஜுரம் வரலாம். ஒரு வாரம் முன்போ பின்போ போடுங்கள்.

அன்றைக்கு அவள் கேக் வெட்ட மாட்டேன் என்றால்? அப்பா வெட்டட்டும். மெழுகுவர்த்தியை ஊத மாட்டேன் என்றால் நாத்தனார் பையன் ஊதட்டும், அவன் சந்தோஷமாகச் செய்வான். கேக் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கிரீமை விரலால் நக்கிக்கொண்டிருந்தால் அங்கேயே இருக்கட்டும். அவளுக்குக் கொண்டாட்டம் அங்கே நடக்கிறது.

மிச்சம் இருப்பது உங்கள் மாமியார். இதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. "டாக்டர் வேணாம்னு சொன்னார்" என்று என்னை இழுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மறுப்பாகப் போகாமல் ஒரு வேலையோடு போங்கள், உங்கள் கணவரை முன்னால் விட்டு. "அத்தை, போன வருஷம் மண்டபத்துல அவ உங்க மடியில அஞ்சு நிமிஷம்கூட உட்காரல. இந்த வருஷம் நட்சத்திரத்தன்னைக்குக் கோயிலுக்கு நீங்கதான் அவளைத் தூக்கிட்டுப் போகணும், பாயசமும் உங்க கையால. சாயங்காலம் வீட்டோட வச்சுக்குவோம். மண்டபத்துக்கு ஆகுற பணத்துல பாதியை அவ பேர்ல செல்வமகள் கணக்குல போட்டுடலாமா?" கடைசி வரிக்கு மாமனார் தலையாட்டிவிடுவார். ஊருக்குச் சாப்பாடு போட்டே ஆகணும் என்று அவர்கள் நின்றால், போடட்டும். பிள்ளையை அரை மணி நேரம் காட்டிவிட்டு, அவள் தூங்கும் நேரத்துக்கு நீங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.